குறைந்த மாத்திரை, கூடிய அளவு

அத்தியாயம் மூன்று

பயந்தவர்கள் கதவைத் திறக்கும் விதமே தனி. முதலில் தாழ்ப்பாள் நகரும், பிறகு ஒரு கண் தெரியும், அதற்கப்புறம்தான் முகம் வரும். அன்று காலை ஒன்பதரை மணிக்கு வாட்ச் அக்கா தன் கடைக் கதவை அப்படித்தான் திறந்தாள். வாசலில் நின்ற இரண்டு பேரையும் தலையிலிருந்து கால் வரை அளந்தாள்.

"துப்பறியிற டீச்சர் நீங்கதானே?"

"நான்தான்" என்றாள் முன்னால் நின்றவள். ஐம்பது வயது, பருத்திச் சேலை, கையில் பள்ளிக்கூட நோட்டு. இருபத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது போதும் என்று துப்பறியக் கிளம்பியவள். "இவர் என்கூட வேலை பார்க்கிறவர்."

"என்னை விசில்னு கூப்பிடுவாங்க" என்றார் பின்னால் நின்ற தொப்பைக்காரர். "பஸ் கண்டக்டரா இருந்தேன். வேலை போச்சு, பேர் போகல. உள்ளே வரலாங்களா? படியில நிக்கிறவங்களை ஆயுசு பூரா திட்டினவன், நானே நிக்கக் கூச்சமா இருக்கு."

வாட்ச் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரையும் உள்ளே விட்டு, தாழ்ப்பாளைப் போட்டு, போட்டதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

முன்னறையில் கடிகார ரிப்பேர் கடை, திரைச்சீலைக்குப் பின்னால் வீடு. நாற்பத்தாறு வயதில் அவளுக்கென்று இருந்தது இந்தக் கடையும் ஒரு தங்கையும்தான். அப்புறம் ஒரு மாத்திரை. மனசு ஒரேயடியாகப் பொங்கி மேலே போய்விடாமலும், பாதாளத்தில் விழுந்துவிடாமலும் பிடித்து நிறுத்துகிற லித்தியம் மாத்திரை. பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறாள். நல்ல மருந்துதான், ஆனால் கறாரான மருந்து. ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் நோய் திரும்பும், கூடினால் மருந்தே விஷமாகிவிடும். அதனால்தான் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பதினோரு வருடமும் பாயிண்ட் ஏழு, பாயிண்ட் எட்டு என்று சமர்த்தாக இருந்த அளவு, ஒரு மாதத்துக்கு முன்னால் திடீரென்று இரண்டு புள்ளி ஒன்றுக்கு எகிறியது.

"டாக்டர் பதறிட்டார்" என்றாள் வாட்ச் அக்கா. பேச ஆரம்பித்ததும் வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. "தினம் மூணு மாத்திரை சாப்பிட்டுகிட்டிருந்தேன். ரெண்டாக் குறைச்சார். ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் பார்த்தா ரெண்டு புள்ளி ரெண்டு. ஒண்ணாக் குறைச்சார். நேத்து பார்த்தா ரெண்டு புள்ளி நாலு! குறைக்கக் குறைக்க ஏறுது டீச்சர். அது எப்படி ஏறும்? யாராவது கலந்து குடுத்தாத்தான் ஏறும்."

"யாரு?"

வாட்ச் அக்கா திரைச்சீலையைப் பார்த்தாள். குரலைத் தொண்டைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி. மாத்திரைப் பெட்டி அவகிட்டதான் இருக்கு. பன்னெண்டு நாளா அவ சமைச்சதை நான் தொடுறதில்ல. நானே கடையில வாங்கிட்டு வந்து, நானே உறையைப் பிரிச்சுச் சாப்பிடுறேன். இதை டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வெச்சிட்டு, 'எவ்வளவு நாளா இப்படித் தோணுது'ன்னு மெதுவாக் கேட்டார். புரியுதா? நான் உண்மையைச் சொன்னா பைத்தியம். சொல்லாம இருந்தா பொணம்."

விசில் ஏதோ சொல்ல வாயெடுத்து, டீச்சரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு டாக்டர் போன் பண்ணினார். இனிமே ஒரு மாத்திரைகூட வேண்டாமாம். சாயங்காலம் நாலு மணிக்குத் துணிமணியோட வந்து ஆஸ்பத்திரியில சேரணுமாம்." அவள் கண்கள் நிறைந்தன. "விஷம் வெச்சிக் கொன்னாக்கூடப் பரவாயில்ல டீச்சர். மாத்திரையை நிறுத்திட்டா நான் திரும்ப அங்கே போயிருவேன். பதினோரு வருஷம் முன்னாடி போன எடத்துக்கு. போனப்ப என் புருஷன் இருந்தார். திரும்பி வந்தப்ப இல்ல. அங்கே மட்டும் என்னால இன்னொரு தடவை போக முடியாது."

அவள் உடம்பு முழுக்க பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தில் நடிப்பில்லை என்று டீச்சருக்குத் தெரிந்தது. நாலு மணிக்கு இன்னும் ஆறரை மணி நேரம் இருந்தது.

"தங்கச்சியைக் கூப்பிடுங்க" என்றாள் டீச்சர்.

கூப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை. திரைக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அக்காவைவிட எட்டு வயது இளையவள், தட்டச்சு வேலை. அழுது அழுது மூக்கு நுனி சிவந்திருந்தது. ஒரு பூட்டுப்போட்ட தகரப் பெட்டியையும், மருந்துக்கடைச் சீட்டுகளையும் மேஜையில் வைத்துவிட்டு, அக்காவுக்கு மூன்று அடி தள்ளி நின்றாள். அதற்குமேல் நெருங்கினால் அக்கா எழுந்து போய்விடுவாள் என்று பழகியிருந்தாள்.

மாத்திரைகளை எண்ணும் பொறுப்பு விசிலுக்கு. டிக்கெட் கட்டு எண்ணிய விரல்கள் அட்டைகளை விசிறிபோல் விரித்தன.

"வாங்கினது, சாப்பிட்டது, மிச்சம். ஒரு மாத்திரைகூட இடிக்கல டீச்சர். எங்க டிப்போவுல இவ்வளவு நேர்மையைப் பார்த்திருந்தா செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு மாரடைப்பே வந்திருக்கும்."

"வேற கடையில வாங்கியிருப்பா!" என்று சீறினாள் வாட்ச் அக்கா.

தங்கை கண்களை மூடித் திறந்தாள். டீச்சர் மேஜையில் கிடந்த ஒரு பெண்கள் கைக்கடிகாரத்தைத் தள்ளினாள். முதுகு கழற்றிய கடிகாரம். பக்கத்தில் ஒரு தாளில் மயிரிழை கனத்தில் சுருள்வில் ஒன்று கிடந்தது.

"இதை உள்ளே உட்கார வெக்க முடியுமா? இப்ப, என் முன்னாடி?"

இதென்ன விளையாட்டு என்று வாட்ச் அக்காவுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கழுத்தில் நூலில் தொங்கிய சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டாள். இடுக்கியால் சுருளைத் தூக்கினாள். மூச்சை அடக்கினாள். சுருள் போய்த் தன் இடத்தில் அமர்ந்து, கடிகாரம் ஓட ஆரம்பித்தது. எடுத்துக்கொண்டது அரை நிமிடம்.

"என் கைக்கு என்ன குறைச்சல்?" என்றாள் பெருமையாக. "நேத்து ஒரே நாள்ல பத்தொன்பது வாட்ச் முடிச்சேன். தூக்கமே தேவைப்படல. மூணு மணி நேரம் படுத்தாப் போதும், எந்திரிச்சா உடம்பு காத்து மாதிரி இருக்கு. உடம்பு நல்லாத்தான் இருக்கு, அதுக்கு நூறு சாட்சி சொல்வேன்!"

டீச்சர் நோட்டில் எதையோ எழுதினாள். வாட்ச் அக்கா அதைப் பார்த்தாள். இவளும் எழுத ஆரம்பித்துவிட்டாளா? டாக்டர்களும் இப்படித்தான் எழுதுவார்கள்.

"என்ன எழுதினீங்க?"

"அப்புறம் காட்டுறேன்."

விசில் இதற்குள் திரையைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டிலிருந்த சுவர்க் கடிகாரம், அலாரம், அடுப்படியில் இருந்தது என எல்லாம் தரையில் வரிசையாகப் பிரிந்து கிடந்தன. "எல்லாம் வயித்தைத் திறந்துகிட்டுப் படுத்திருக்கே! இது கடையா, ஆபரேஷன் தியேட்டரா?"

"ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அடிக்கல. அதான் பிரிச்சேன்" என்றாள் வாட்ச் அக்கா வெடுக்கென்று.

டீச்சர் அதற்கும் ஒரு வரி எழுதினாள்.

பிறகு ரிப்போர்ட் கோப்பு வந்தது. பதினோரு வருடத் தாள்கள். மற்றவர்கள் எல்லோரும் நடுவில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். டீச்சர் மேல் ஓரத்தில் பொடியாக அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தாளாக, விடைத்தாள் திருத்துகிற வேகத்தில்.

"ரத்தம் எடுத்தது காலையில, ரிப்போர்ட் மறுநாள் காலையில. இதுவும் அப்படித்தான், இதுவும். பதினோரு வருஷமும் அதே கதை." அவள் விரல் கடைசி மூன்று தாள்களுக்கு வந்து நின்றது. "இந்த மூணு மட்டும் எடுத்த அன்னைக்கே மத்தியானம் வந்திருக்கு. ஏன்?"

வாட்ச் அக்கா யோசித்தாள். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. "லேப்ல இப்ப வேகமாப் பண்றாங்க போல."

"இவ்வளவு லித்தியம் ரத்தத்துல இருந்தா கை நடுங்கும், நாக்கு குழறும், வாந்தி வரும், இல்லையா?"

"ஆமா. டாக்டர் குடுத்த தாள்ல போட்டிருக்கு."

"உங்க கைதான் மயிரிழையைப் பிடிச்சு மாட்டுதே. அப்படின்னா ரத்தம் உங்க உடம்புக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒழுங்காத்தான் இருக்கு. வெளியே வந்ததுக்கப்புறம்தான் கெட்டுப்போகுது."

"பசங்களும் அப்படித்தான் டீச்சர்" என்றார் விசில். "வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒழுங்கு."

வாட்ச் அக்கா காதில் அது விழவில்லை. "அப்படின்னா லேப்காரம்மாவும் கூட்டா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்றாங்களா?"

தங்கை, "அக்கா..." என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். வாட்ச் அக்கா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

லேப் இரண்டு தெரு தள்ளி இருந்தது. தங்கையைக் கடையில் விட்டுவிட்டு மூவரும் நடந்தே போனார்கள். வாட்ச் அக்கா சுவரை ஒட்டியே நடந்தாள். பால் பூத் வாசலில் ஹெல்மெட் போட்ட ஒருவன் நின்றிருந்தான். அடுத்த முனையிலும் ஹெல்மெட் போட்ட ஒருவன். அதே ஆளா? வேறு ஆளா? அவள் டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயதுக்காரி இன்னொருத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடப்பதைத் தெரு வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும், உயிர் முக்கியம்.

லேப் என்பது ஒரே ஒரு அறை. எடை பார்க்கும் மெஷின், கை நீட்ட மரப்பலகை வைத்த நாற்காலி, மேஜையில் சிவப்பு, ஊதா, பச்சை, சாம்பல் என்று வண்ண வண்ண மூடி போட்ட குட்டிக் குழாய்கள். லேப்காரம்மா குண்டான, முகம் நிறையச் சிரிக்கிற மனுஷி. வாட்ச் அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள். டீச்சர் தன்னையும் விசிலையும் அறிமுகப்படுத்தியதும் சிரிப்பு காணாமல் போயிற்று.

"துப்பறியிறவங்களா? நான் என்னங்க பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலைன்னே வெச்சுக்குவோம்" என்றாள் டீச்சர். "நேத்து இவங்களுக்கு எப்படி ரத்தம் எடுத்தீங்களோ, அச்சு மாறாம அதே மாதிரி இப்ப செஞ்சு காட்டுங்க. குத்த வேண்டாம். பாவனை போதும்."

"ரொம்ப நல்ல முடிவு" என்றார் விசில். அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். "எனக்கு ரத்தம்னா ஆகாது. மீன் கடை இருக்கிற தெருவைக்கூடச் சுத்திகிட்டுத்தான் போவேன். துப்பறியிற வேலைக்கு எனக்குள்ள ஒரே தகுதிக் குறைவு அதுதான்."

வாட்ச் அக்கா கையை நீட்டி உட்கார்ந்தாள். லேப்காரம்மா ரப்பர் பட்டையைக் கட்டினாள், பஞ்சால் துடைக்கிற மாதிரி செய்தாள், ஊசியை எடுத்தாள். கை தானாக ஸ்டாண்டுக்குப் போய்ப் பச்சை மூடிக் குழாயை எடுத்தது.

"நில்லுங்க" என்றாள் டீச்சர். "இது ஏன் பச்சை?"

"அவசரக் கேஸுங்க எல்லாத்துக்கும் பச்சைதாங்க. சிவப்பு மூடின்னா ரத்தம் உறையணும், அரை மணி நிக்கணும். அது சாயங்கால வண்டியிலதான் மெயின் லேபுக்குப் போகும். பச்சையில உறையாது. எடுத்த உடனே பத்து மணி வண்டியில அனுப்பிடலாம்."

"இவங்க என்னைக்கு அவசரக் கேஸ் ஆனாங்க?"

லேப்காரம்மா வாட்ச் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்கதானேக்கா சொன்னீங்க? போன மாசம் ஆஸ்பத்திரி பெஞ்சுல யாரோ இந்த மாத்திரையால கிட்னி போச்சுன்னு சொன்னாங்கன்னு இங்க வந்து என் கையைப் பிடிச்சுகிட்டு அழுதீங்க. ரிசல்ட் தெரியாம ஒரு ராத்திரியை என்னால தள்ள முடியாது, இன்னைக்கே சொல்லுங்கன்னு கெஞ்சினீங்க. எனக்கு மனசு கேக்கல. அன்னைக்கிலேருந்து உங்களுக்குப் பச்சையிலதான் எடுக்கிறேன்."

இப்போது ஞாபகம் வந்தது. அழுததும் நிஜம், கெஞ்சியதும் நிஜம்.

"உறையாம இருக்கிறதுக்கு உள்ளே என்ன தடவியிருக்காங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"ஏதோ மருந்துங்க. கம்பெனியிலேருந்தே தடவித்தான் வருது."

"என்ன மருந்து?"

லேப்காரம்மா திருதிருவென்று விழித்தாள். பதினெட்டு வருடமாக மூடியின் நிறத்தைப் பார்த்தே வேலை செய்தவள். நிறத்துக்குக் கீழே எழுத்து இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. டீச்சர் குழாயை வெளிச்சத்தில் திருப்பினாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள். எழுத்து எறும்பு முட்டை அளவுக்கு இருந்தது.

"இதைப் படிக்கிற கண்ணு இந்த ரூம்ல ஒருத்தருக்குத்தான் இருக்கு" என்று குழாயை வாட்ச் அக்காவிடம் நீட்டினாள்.

வாட்ச் அக்கா லென்ஸைப் பொருத்திக்கொண்டு குழாயைக் கண்ணருகே கொண்டுபோனாள். இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி வந்தன. அவள் எழுத்துக்கூட்டினாள்.

"லி... தி... லித்தியம்."

விசில்கூடச் சுவரைவிட்டுத் திரும்பினார்.

"லித்தியம் ஹெப்பாரின்" என்று முழுக்கப் படித்து முடித்தாள் வாட்ச் அக்கா. லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி நூலில் தொங்கியது.

"சர்க்கரை தடவின டம்ளர்ல பாலை ஊத்திட்டு, பால் ஏன் இனிக்குதுன்னு ஊரெல்லாம் சேர்ந்து பதறின கதைதான் இது!" என்றார் விசில்.

லேப்காரம்மா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "ஐயையோ! மத்த எந்த டெஸ்டுக்கும் இது இடைஞ்சல் பண்ணாதுங்க. யூரியா, கொழுப்பு, எல்லாம் பச்சையிலதான் பார்க்கிறோம். இந்த ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான்... அந்தப் பேரை நானே சீட்டுல எழுதறேன், அதே பேரு குழாயிலயும் இருக்கறதை நான் பார்க்கலையே! அழறாங்களேன்னு இரக்கப்பட்டு ஒவ்வொரு தடவையும் ரத்தத்தைக்கூடக் குறைச்சுக் குறைச்சு எடுத்தேனே, கடைசியில நான்தான் வெச்சேனா விஷம்?"

"யாரும் வெக்கல" என்றாள் டீச்சர். "இவங்க பயந்தாங்க. நீங்க இரக்கப்பட்டீங்க. ரத்தம் குறையக் குறையக் குழாய்ல இருக்கிற லித்தியம் தூக்கலாத் தெரிஞ்சு, ரெண்டும் சேர்ந்து மூணு ரிப்போர்ட் ஆயிடுச்சு. ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு" என்றாள் வாட்ச் அக்கா.

"இப்ப பத்தரை. பன்னெண்டு மணி நேரம் தாண்டியாச்சு, நேரம் சரிதான். சிவப்பு மூடியில எடுங்க. இந்தத் தடவை பாவனை வேண்டாம்."

"நானே கையோட கொண்டு போறேன்" என்று லேப்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மெயின் லேப்ல நின்னு வாங்கிகிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்."

ஊசி இறங்கியபோது வாட்ச் அக்காவுக்கு வலிக்கவே இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். விஷம் இல்லை! யாரும் கலக்கவில்லை! மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை உருண்டு போன மாதிரி இருந்தது. திரும்பி நடக்கும்போதும் சிரிப்பு நிற்கவில்லை. இந்த விஷயத்தைச் சும்மா விடக்கூடாது என்றாள். ஊரில் உள்ள எல்லா லேபுக்கும் தானே நேரில் போய்க் குழாய்களைச் சோதிக்கப் போவதாகச் சொன்னாள். நோட்டீஸ் அடிக்க வேண்டும், ரத்தக் குழாய்க்கென்றே ஒரு கடிகாரம் செய்ய வேண்டும், அதற்கான பல்சக்கரம் இப்போதே மனசில் ஓடுகிறது என்றாள். விசில் ஆரம்பத்தில் ஆமாம் போட்டார். நாலாவது திட்டத்துக்குப் பிறகு அவரும் அமைதியாகிவிட்டார்.

டீச்சர் மட்டும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதை வாட்ச் அக்கா கவனித்தாள். கவனித்ததும் பழைய பயம் மெல்ல எட்டிப் பார்த்தது.

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நால்வரும் இருந்தார்கள். டாக்டர் அறைக்கு எதிரே ஒரு நீள பெஞ்சு. வாட்ச் அக்கா ஒரு முனையில், தங்கை துணிப்பையோடு மறுமுனையில். நடுவே டீச்சரும் விசிலும் தடுப்புச் சுவர் மாதிரி.

"தங்கச்சி கலக்கலைன்னு இப்பத் தெரியுதில்ல?" என்றார் விசில் மெதுவாக.

"தெரியுது" என்றாள் வாட்ச் அக்கா. பிறகு அவர் காதருகே குனிந்து, "ஆனா அவ பார்வை சரியில்ல. கவனிச்சீங்களா?" என்றாள்.

விசில் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

லேப்காரம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கையில் ஒற்றைத் தாள். விசில்தான் முதலில் பிடுங்கிப் படித்தார்.

"பாயிண்ட் ரெண்டு! வெறும் பாயிண்ட் ரெண்டு! ரெண்டு புள்ளி நாலு எங்கே, இது எங்கே? விஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. கேஸ் முடிஞ்சுது, எல்லாரும் இறங்கலாம்!"

"குடுங்க" என்று தாளை வாங்கினாள் டீச்சர். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூணு மாத்திரைக்குப் பாயிண்ட் ஏழு. ஒரு மாத்திரைக்கு மூணுல ஒரு பங்கு. கணக்கு இப்பதான் சரியா வருது." தாளை மடித்தாள். "அதான் எனக்குப் பயமா இருக்கு."

"சரியா வந்தா எதுக்குப் பயம்?" என்றார் விசில்.

டீச்சர் வாட்ச் அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "முதல் ரிப்போர்ட் வந்து ஒரு மாசம் ஆச்சு. அன்னைக்கே தங்கச்சி மேல சந்தேகம் வந்துச்சா?"

"இல்ல."

"ரெண்டாவது ரிப்போர்ட் வந்தப்ப?"

"இல்ல."

"பன்னெண்டு நாளாத்தான் அவ சமையலைத் தொடலைன்னு சொன்னீங்க. ஒரு மாத்திரைக்கு இறங்கினது எப்போ?"

வாட்ச் அக்கா விரல் விட்டு எண்ணினாள். "பதினாறு நாள் முன்னாடி."

டீச்சர் நோட்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். காலையில் எழுதிய வரிகள். *மூணு மணி நேரத் தூக்கம். ஒரே நாளில் பத்தொன்பது வாட்ச். வீட்டுக் கடிகாரம் எல்லாம் பிரித்தாயிற்று. பேச்சு நிற்கவில்லை.* கீழே மாலை சேர்த்த ஒரு வரி: *விஷம் இல்லை என்று தெரிந்த பிறகும் சந்தேகம் போகவில்லை.*

"உங்க உடம்பு நல்லா இருக்குன்னு காலையில நூறு சாட்சி சொன்னீங்க" என்றாள் டீச்சர். அவள் குரல் தழைந்திருந்தது. "அதையெல்லாம் நான் அப்படியே எழுதிகிட்டேன். நான் டாக்டர் இல்ல. ஆனா இதெல்லாம் எதுக்குச் சாட்சின்னு உங்களுக்குத்தான் பதினோரு வருஷமாத் தெரியுமே."

தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? பதினோரு வருடத்துக்கு முன்னால் கணவன் சாப்பாட்டில் கண்ணாடிப் பொடி கலக்கிறான் என்று ஒவ்வொரு கவளத்தையும் விரலால் பிசைந்து பார்த்தாள். அப்போதும் தூக்கம் தேவைப்படவில்லை. அப்போதும் உடம்பு காற்றாக இருந்தது. ஒரு பகலில் வீட்டிலிருந்த தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் உடைத்து, துண்டுகளை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்தா உன் சாட்சி" என்று கத்தினாள். அவன் போனான், திரும்பி வரவில்லை. அந்த இடத்துக்கு மறுபடி போய்விடுவோமோ என்று ஒரு மாதமாகத் தவித்தவள், அங்கே பாதி வழி வந்து நிற்பதை இப்போதுதான் பார்த்தாள். மாத்திரையை நிறுத்தினால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தாள். மாத்திரை பதினாறு நாளாக ஏறக்குறைய நின்றேதான் போயிருந்தது.

அவள் ஓவென்று அழவில்லை. நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் இளைஞர். பச்சை மூடிக் கதையை நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"உடம்புல ஒரு நடுக்கம்கூட இல்லையேன்னு எனக்கு உறுத்துச்சும்மா" என்றார். "எதுல எடுத்தீங்கன்னு லேபுக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும். பண்ணல. ரகசியமா எங்கயோ மாத்திரை வாங்கிச் சாப்பிடறீங்கன்னு நினைச்சுட்டேன். என் தப்புதான்." சீட்டை எடுத்து எழுதினார். "நிறுத்த வேண்டாம். பழைய அளவுக்கே திரும்பப் போறோம், இப்பவே ஆரம்பிக்கிறோம். அஞ்சு நாள்ல சிவப்பு மூடியில ரத்தம் பார்க்கலாம். ஆஸ்பத்திரியிலயும் இருக்கலாம், வீட்டுலயும் இருக்கலாம், அது உங்க இஷ்டம். ஆனா வீட்டுல இருக்கணும்னா தங்கச்சி கையால மாத்திரையும் சாப்பாடும் வாங்கிக்கணும். முடியுமா?"

வாட்ச் அக்கா கதவோரம் பார்த்தாள். அங்கே நின்றிருந்த தங்கை துணிப்பையைக் கீழே வைத்தாள். டீச்சரும் விசிலும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். துப்பறிகிறவர்களுக்கு அந்த அறையில் இனி வேலை இல்லை.

"முயற்சி பண்றேன்" என்றாள் வாட்ச் அக்கா கடைசியில்.

டாக்டர் ஒரு மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். தங்கை வராந்தாவுக்குப் போய்க் காகித டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அந்த மூன்றடியையும் தாண்டி, அக்காவின் முழங்கால் இடிக்கும் தூரத்துக்கு வந்து நின்று நீட்டினாள்.

வாட்ச் அக்கா தண்ணீரைப் பார்த்தாள். இதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ரிப்போர்ட் இருக்கிறது, குழாயில் எழுத்து இருக்கிறது, நாலு பேர் சாட்சி இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தும், இவள் வராந்தாவில் தனியாக இருந்தாள், யாரும் பார்க்கவில்லை என்று உள்ளே ஒன்று விடாமல் முனகிக்கொண்டே இருந்தது. அது நோயின் குரல் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால் அது வாயை மூடிக்கொள்ளவில்லை.

டம்ளரை வாங்கினாள். தண்ணீர் தளும்பிக் கையில் சிந்தியது.

"இன்னும் பயமாத்தான்டி இருக்கு."

"தெரியும்க்கா" என்றாள் தங்கை. "எனக்கும்தான். குடி."

வாட்ச் அக்கா மாத்திரையை நாக்கில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.